சரிசமம் வந்தால் சபை இவர் கையில்!

லெப்டினன்ட் கவர்னர் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது புதுச்சேரிதான். அங்கே ஜனாதிபதி நியமிப்பார். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதுவும் கவர்னருக்குத் தனி ஓட்டு, இவருக்குத் தனி ஓட்டு. 2005-ல் கவர்னராக ஜெயித்தவர் ஜனநாயகக் கட்சியின் டிம் கெய்ன். லெப்டினன்ட் கவர்னரோ குடியரசுக் கட்சியின் பில் போலிங். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு!

வேலை என்ன? 40 பேர் கொண்ட செனட் சபையை நடத்த வேண்டும். ஓட்டு சரிபாதியாகப் பிரிந்தால் மட்டும் இவர் ஓட்டுப் போடலாம். ப்பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். 2011 தேர்தலில் இரு கட்சிக்கும் தலா 20 இடம் கிடைத்தது. அப்போதும் பதவியில் இருந்தவர் போலிங்தான். அவருடைய ஒற்றை ஓட்டால் 2012 ஜனவரியில் சபையே குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது, கமிட்டித் தலைவர் பதவிகள் உட்பட.

2025 நவம்பரில் இந்த நாற்காலிக்குத் தேர்வானவர் கஸாலா ஹாஷ்மி. ஹைதராபாத்தில் பிறந்து, நான்கு வயதில் அமெரிக்கா போய், சுமார் 30 ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்தியவர். செனட்டராக இருந்தவரை ஒவ்வொரு மசோதாவுக்கும் அவருக்கு ஓட்டு இருந்தது. இனி சரிசமம் வரும்வரை காத்திருக்க வேண்டும்.