மேப்புல மேஸ்திரி!

செமஸ்டர் லீவுல பாக்கெட் மணிக்கு வழி தேடுறீங்களா பாஸ்? ஏரியூர், பென்னாகரம் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு சூப்பர் வேலை.

தரை போடுற மேஸ்திரி ஒருத்தராவது உங்களுக்குத் தெரிஞ்சவரா இருப்பார். டைல்ஸ், கிரானைட்டோட, பெங்களூரு அபார்ட்மென்ட்கள்ல வுட்டன் ஃப்ளோரிங்கும் கத்துக்கிட்டு வந்திருந்தா இன்னும் விசேஷம். தொழில் கையில இருக்கு. ஆனா, கூகுள்ல தேடினா ஆளைக் காணோம்!

முதல்ல 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' ஆரம்பிச்சுக் கொடுங்க. 2014-ல 'மை பிசினஸ்'னு வந்து, 2021-ல பேர் மாத்திக்கிட்ட அதே சமாசாரம்தான். நயா பைசா செலவில்லை. கடை இல்லையேன்னு தயங்காதீங்க. வீட்டு அட்ரஸை மறைச்சுட்டு, வேலைக்குப் போற ஊர்களை மட்டும் கொடுக்கலாம். தருமபுரி, மேட்டூர், சேலம் ஓகே. பெங்களூரு? ம்ஹூம்! ரெண்டு மணி நேரப் பயணத்துக்கு மேல எல்லை போகக் கூடாதுங்கிறது கூகுளோட கணக்கு. அங்கே இல்லாத ஆபீஸுக்குப் பொய் அட்ரஸ் கொடுத்தா ப்ரொஃபைலையே முடக்கிடுவாங்க. காசு கொடுத்து வாங்குற ரெவ்யூவும் அதே கதிதான்.

பொருத்தம், தூரம், பிரபலம். இந்த மூணையும் பார்த்துதான் யாரை மேலே காட்டுறதுன்னு கூகுள் முடிவு பண்ணுது. தூரத்தை நாம மாத்த முடியாது. அங்கேதான் வெப்சைட் கை கொடுக்கும். ப்ரொஃபைலோட இலவசமா வந்த வெப்சைட்டை 2024 மார்ச்சுல கூகுள் மூடிருச்சு. அதனால, சொந்தமா ஒரு டொமைன் வாங்கணும்.

அதுல என்ன எழுதுறது? 'தரமான சேவை, நியாயமான விலை' எல்லாம் வேணாம் ப்ளீஸ், அது எல்லார்கிட்டயும் இருக்கு! மேஸ்திரிகிட்ட உட்கார்ந்து கதை கேளுங்க. பலகையை எதுக்கு ரெண்டு நாள் அதே ரூம்ல போட்டு வைக்கணும், சுவரோரம் எதுக்கு 10 மில்லி மீட்டர் அளவுக்கு இடைவெளி விடணும், ஈரம் காயாத சிமென்ட் தரை மேல போட்டா பலகை எப்படி உப்பும்... வீடு கட்டுறவர் தேடுறது இதைத்தான். கூடவே நிஜ வேலையோட போட்டோக்கள். நெட்டுல சுட்ட இத்தாலி பங்களா படம் போட்டீங்கன்னா, முதல் கஸ்டமரே சிரிச்சுடுவார்.

இப்போ முக்கியமான மேட்டர். ப்ரொஃபைல், டொமைன் ரெண்டையும் உங்க மெயில் ஐடி-யில பதிவு பண்ணாதீங்க. அடுத்த வருஷம் கேம்பஸ்ல செலக்ட் ஆகி சென்னைக்குப் போயிடுவீங்க. நம்பர் மாறும். ரினியூவல் மெயில் உங்க இன்பாக்ஸுல தூங்கும். டொமைன் காலாவதியானா வேற யாரோ வாங்கிக்கலாம். அப்புறம் பத்து வருஷம் முட்டி தேய உழைச்சு வாங்கின நல்ல பேர் யார் கையிலயோ! அவர் பேர்ல ஒரு மெயில் ஐடி, அவர் போன் நம்பர், ஓனர் அவர். நீங்க வெறும் மேனேஜர். பாஸ்வேர்டை ஒரு நோட்டுல எழுதி, படிக்கிற பிள்ளை யாராவது வீட்டுல இருந்தா அவங்ககிட்ட கொடுங்க. கூலி பேசுறதுக்கு முன்னாடியே இதைப் பேசிடுங்க.

சனிக்கிழமை சாயங்காலம் சம்பளப் பட்டுவாடாவுல மனுஷன் பிஸியா இருப்பார். ஞாயிறு காலையில போய்ப் பாருங்க!