76ஆம் பிரிவுக்குப் பொறுப்பாளி யார்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழர்களுக்குப் பொலிஸ் பதிவுப் படிவம் புதிய பொருளன்று. யுத்த காலத்தில் அடையாள அட்டையோடு அதன் பிரதியையும் எடுக்காமல் வீதியில் இறங்க அஞ்சியவர்கள் பலர். பொலிஸார் இதற்குக் காட்டும் சட்ட ஆதாரம் 1865ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 76ஆம் பிரிவாகும். வீட்டில் தங்கியிருப்போரின் பட்டியலை, குடும்பத்தவர் யார், பணியாட்கள் யார் என வேறுபடுத்தி, பிரதேசப் பொலிஸ் அதிகாரி கேட்கும்போது வீட்டுக்காரர் கொடுக்க வேண்டும் என்கிறது அது.

இப்பிரிவில் இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் 'கேட்கும்போது' என்பது இருக்கிறது. எத்தெருவில் கேட்பது, எவரிடம் கேட்பது என்பதெல்லாம் அதிகாரியின் விருப்பம். கறுவாத்தோட்டத்து மாளிகைவாசிகள் இப்பிரிவை நினைத்து உறக்கம் கெட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இந்த மனப்பாங்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2007 ஜூன் 7ஆம் திகதி கண்டோம். கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 370க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் வவுனியாவில் கொண்டுபோய் விடப்பட்டனர். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தார்கள் என்பதே அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றம். சொந்த நாட்டின் தலைநகரில் தங்குவதற்கு எது தகுந்த காரணம் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனு மீது மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

பொறுப்பாளி யார்? பிரதமர் ரட்னசிறி விக்கிரமநாயக்க தவறு நடந்துவிட்டதென ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். ஜனாதிபதி விசாரணைக்கு உத்தரவிட்டார். பாதுகாப்புச் செயலாளராக இருந்த கோட்டாபய ராஜபக்ஷவோ சில நாட்களிலேயே அச்செயலை நியாயப்படுத்தினார். ஓர் அரசாங்கத்துக்கு மூன்று குரல்கள்! பஸ்ஸில் ஏறச் சொன்ன கான்ஸ்டபிளைக் குறை கூறுவது எளிது. பஸ்களை அனுப்பியவர் அவரல்லர்.

இதனைத் தட்டிக் கேட்டிருக்க வேண்டிய தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் நிலையோ பரிதாபமானது. 17ஆவது திருத்தத்தின் கீழ் அமைந்த முதல் ஆணைக்குழுவின் பதவிக்காலம் 2005இல் முடிவடைந்தது. அரசியலமைப்புப் பேரவை செயலற்றிருக்க, 2006இல் ஜனாதிபதியே அங்கத்தவர்களை நியமித்தார். அதன்பின் 18ஆவது திருத்தம் அதன் அதிகாரங்களைப் பறித்தது, 19ஆவது மீட்டது, 20ஆவது அதன் சுயாதீனத்தைக் குலைத்தது, 2022இல் 21ஆவது ஓரளவு திருப்பிக் கொடுத்தது. பொதுமக்களின் முறைப்பாடுகளை விசாரிக்கும் கடப்பாடு இன்று அதற்குண்டு.

அவசரகாலச் சட்டம் 2011 ஆகஸ்ட்டில் காலாவதியாயிற்று. 76ஆம் பிரிவு ஆகவில்லை. எந்தப் பொலிஸ் பிரிவில் எத்தனை வீடுகளிடம் பட்டியல் கேட்கப்பட்டது, யாருடைய எழுத்துமூல உத்தரவின் பேரில் கேட்கப்பட்டது என்ற விபரத்தைப் பொலிஸ் மா அதிபர் வெளியிட வேண்டும். அவர் வெளியிடாவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதனைக் கோருவதற்கு நமது பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பக் கடிதமே போதும்.