இரண்டு பெண்கள், ஒரு தாயார்

சென்ற வாரம் ஒரு சாயங்காலம் இந்தப் பகுதிக்கு விஷயம் ஒன்றும் அகப்படாமல், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, உத்தரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கதவு சாத்தியிருந்தால் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஒன்பது வயதுப் பேத்திக்கும் அந்தச் சட்டம் தெரியும். ஆனால், சட்ட மறுப்பு நமது தேசத்துக்குப் புதிய விஷயம் அல்லவே! கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றாள். கையில் ஓர் ஆங்கிலக் கதைப் புஸ்தகம்.

"தாத்தா, இதை எழுதினவங்களுக்குக் குழந்தைகள் உண்டா?" என்று கேட்டாள்.

"உண்டு அம்மா. இரண்டு பெண்கள்."

"அப்படியானால் அவங்க ரொம்ப அதிர்ஷ்டசாலிகள், இல்லையா? தினம் ராத்திரி புதுசு புதுசாய்க் கதை கேட்டிருப்பாங்களே!"

இந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டால் நம்முடைய வேலையைப் பார்க்கலாம். ஆனால் வாய் வரவில்லை. ஏனெனில், அந்த இரண்டு பெண்களும் பிற்காலத்தில் இதே கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். ஒருத்தி சொன்ன பதில் மற்றொருத்தி சொன்னதற்கு நேர் விரோதம்.

பேத்தி கையிலிருந்த புஸ்தகம் எனிட் பிளைட்டன் எழுதியது. இந்த அம்மாளின் பெயரை அறியாத குழந்தைகள் ஆங்கிலம் படிக்கும் உலகத்தில் குறைவு. நமது நாட்டிலும் வாடகை நூல்நிலையங்களில் அதிகமாய்க் கிழிந்து, அதிகமாய் ஒட்டப்பட்டு, மறுபடியும் கிழிந்த புஸ்தகங்கள் இவருடையவைதாம். எழுதிய புஸ்தகங்கள் 700க்கு மேல். விற்ற பிரதிகள் சுமார் 60 கோடி என்று கணக்குச் சொல்கிறார்கள். ஐந்து பேர் கொண்ட 'பேமஸ் பைவ்' கோஷ்டியின் சாகசங்கள் மட்டும் 21 புஸ்தகங்கள். 'நாடி' என்னும் மரப் பொம்மை 1949-ஆம் வருஷத்தில் பிறந்து, பால் மணம் மாறாத குழந்தைகளையும் ஆட்கொண்டது.

இவ்வளவையும் எழுதியது எப்படி? மக்கெல்லர் என்ற மனத்தத்துவ சாஸ்திரிக்கு 1953 முதல் எழுதிய கடிதங்களில் அதை அந்த அம்மாளே விவரித்திருக்கிறார். தட்டெழுத்து யந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சில நிமிஷம் கண்ணை மூடுவாராம். பாத்திரங்கள் மனத்திரையில் வந்து நிற்பார்களாம், பேசுவார்களாம், சிரிப்பார்களாம். இவருக்கு வேலை, பார்த்ததைத் தட்டிக்கொண்டே போவதுதான். ஒரு நாளைக்குப் பதினாயிரம் வார்த்தை வரையில் எழுதியிருக்கிறார். வாரம் ஒரு கட்டுரைக்கு உத்தரத்தைப் பார்க்கும் நமக்குப் பொறாமையாய் இருக்கிறது என்பதை மறைப்பானேன்?

ஆனால், பதினாயிரம் வார்த்தை எழுதும் வீட்டில் சாத்திய கதவு ஒன்று இருந்தே தீரும். அந்தக் கதவுக்கு வெளியேதான் நம் கதை ஆரம்பமாகிறது.

அதற்கு முன், அந்த அம்மாளே குழந்தையாய் இருந்த காலத்தைப் பார்க்க வேண்டும். 1897-ஆம் வருஷம் ஆகஸ்டு 11-ந் தேதி லண்டனில் பிறந்தவர். தகப்பனார் கத்தி, கரண்டி வகைகளை விற்கும் வியாபாரி. ஆனால் மனத்தில் அவர் வியாபாரி அல்ல. புஸ்தகப் பித்தர், சங்கீதப் பித்தர், செடிகொடிப் பித்தர். மூத்த மகளைக் கையைப் பிடித்துக்கொண்டு வயல் வரப்பெல்லாம் அழைத்துப் போய், பறவைக்கும் பூவுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தார். தாயாருக்கோ இதெல்லாம் பிடிக்காது. பெண் என்றால் வீட்டு வேலை கற்க வேண்டும் என்பது அவர் கட்சி.

எனிட்டுக்குப் பதின்மூன்று வயது நிறைந்த சிறிது காலத்தில், அந்தத் தகப்பனார் வேறொரு ஸ்திரீக்காக வீட்டை விட்டுப் போய்விட்டார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது பெரிய அவமானம். தாயார் குழந்தைகளிடம் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்: யாராவது கேட்டால், அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எனிட் தன் அறைக்குள் போய்க் கதவைத் தாளிட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். நடந்ததை நடக்காததாகப் பாவிக்கும் வித்தையையும் அங்கேயே கற்றுக்கொண்டாள். பிற்காலத்தில் தகப்பனார் இறந்தபோதும், தாயார் இறந்தபோதும், அவர் இறுதிச் சடங்குகளுக்குப் போகவில்லை.

1924-இல் ஹ்யூ போலக் என்பவரை விவாகம் செய்துகொண்டார். ஹ்யூ, அவருடைய புஸ்தகங்களை வெளியிட்ட கம்பெனியில் பதிப்பாசிரியர். முதல் உலக யுத்தத்தில் போர் புரிந்தவர். 1931-இல் கில்லியன் பிறந்தாள், 1935-இல் இமோஜன். 1938-இல் குடும்பம் பீக்கன்ஸ்பீல்டு என்ற ஊரில் ஒரு பெரிய வீட்டுக்குக் குடியேறிற்று. அந்த வீட்டுக்குப் பெயர் வைத்தவர்கள், எனிட் நடத்திய பத்திரிகையின் குழந்தை வாசகர்கள். 'கிரீன் ஹெட்ஜஸ்', அதாவது 'பசுமை வேலி', என்று வைத்தார்கள். வேலிக்கு வெளியே இருந்த ஆயிரமாயிரம் குழந்தைகளுக்கு அது சுவர்க்கலோகம். வேலிக்கு உள்ளே இரண்டு குழந்தைகள் இருந்தார்கள்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. ஹ்யூ மறுபடியும் ராணுவ சேவைக்குப் போனார். குடிப் பழக்கம் அவரைப் பிடித்திருந்தது. கணவன் மனைவி இருவர் மனமும் வெவ்வேறு திசையில் சென்றது. 1942-இல் விவாகரத்து. அடுத்த வருஷமே எனிட், கென்னத் டாரல் வாட்டர்ஸ் என்ற ரண சிகிச்சை வைத்தியரை மணந்தார். ஹ்யூவும் வேறு விவாகம் செய்துகொண்டார். குற்றத்தை ஹ்யூ தம் தலைமேல் ஏற்றுக்கொண்டால் குழந்தைகளைப் பார்க்கத் தடையில்லை என்று பேச்சு இருந்ததாக ஹ்யூவின் தரப்பில் சொன்னார்கள். ஆனால் பிறகு அவர் குழந்தைகளைப் பார்க்கவே விடப்படவில்லை. பெண்களின் குடும்பப் பெயரும் மாற்றப்பட்டது. 1952-இல் எனிட் குழந்தைகளுக்காகத் தம் சுயசரிதையை எழுதினார். அதில் ஹ்யூ என்ற மனிதர் இல்லை!

வாசகர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். பதின்மூன்று வயதில் தகப்பனாரை இழந்து, "வெளியூர் போயிருக்கிறார்" என்று சொல்லும்படி ஏவப்பட்ட பெண், தன் குழந்தைகளுக்கும் தகப்பனாரை இல்லாமல் செய்துவிட்டாள். தனக்கு வலித்ததை மறந்து இப்படிச் செய்தாளா? அல்லது வலியைத் தாங்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இதுதானா? இரண்டாவதுதான் உண்மை என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதனால் குழந்தைகளின் நஷ்டம் ஓர் இம்மியும் குறையவில்லை.

இனிப் பெண்களின் சாக்ஷியத்துக்கு வருவோம். எனிட் 1968-இல் காலமானார். கடைசி வருஷங்களில் நினைவு தடுமாறிப் போயிருந்தது. தாயார் மறைந்து இருபது வருஷம் கழித்து, 1989-இல், இளையவள் இமோஜன் தன் குழந்தைப் பருவத்தைப் பற்றி ஒரு புஸ்தகம் வெளியிட்டாள். அதில் வரும் தாயார் கர்வமும், உள்ளுக்குள் பயமும், பிடிக்காத விஷயங்களை மனத்திலிருந்து துடைத்துவிடும் சாமர்த்தியமும் உள்ளவர். தாய்மை உணர்ச்சி என்பது அவரிடம் மருந்துக்கும் இல்லை என்று இளையவள் தீர்ப்புக் கூறினாள். சிறு வயதில் அம்மாவைக் கண்டிப்பான அதிகாரியாகப் பார்த்ததாகவும், வளர்ந்த பிறகு இரக்கப்பட்டதாகவும் சொன்னாள்.

மூத்தவள் கில்லியனோ, தன் தாயார் அன்பும் நியாயமும் உள்ளவர், கூட இருப்பதற்கு மிகவும் சுவாரஸ்யமானவர் என்று கடைசி வரையில் சொல்லி வந்தாள். 2007-இல் கண்ணை மூடும் வரையில் தாயாரின் புகழைக் காப்பாற்றுவதைத் தன் பணியாகவே கொண்டிருந்தாள்.

யார் சொல்வது நிஜம்? கோர்ட்டில் என்றால் ஒரு சாக்ஷியைப் பொய்ச் சாக்ஷி என்று தள்ளிவிடலாம். குடும்பத்தில் அது செல்லாது. சகோதரிகள் இருவருக்கும் நாலு வயது வித்தியாசம். நாலு வருஷம் என்றால் என்ன பிரமாதம் என்று கேட்கலாம். யுத்தத்துக்கு முந்தைய நல்ல நாட்களில் கில்லியன் நினைவு தெரிந்த பெண். தாயாரும் தகப்பனாரும் ஒரே தோட்டத்தில் உலாவியதைப் பார்த்தவள். இமோஜன் 'பசுமை வேலி'க்கு வந்தபோது அவளுக்கு மூன்று வயது நிறையவில்லை. அவளுக்கு நினைவு தெரிந்தபோது, வீடு உடைந்துகொண்டிருந்தது. தாயார் எழுத்தில் மூழ்கியிருந்தார். குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்கள் வேலைக்காரர்கள். ஆகவே, இருவரும் ஒரே வீட்டில் வளர்ந்தார்கள் என்பதே சரியல்ல. இரண்டு வீடுகளில் வளர்ந்தார்கள். இரண்டுக்கும் விலாசம் ஒன்று.

இதற்காகச் சீமைக்குப் போக வேண்டியதில்லை. நம் தமக்கையாரும் நாமும் காலஞ்சென்ற எங்கள் தாயாரைப் பற்றிப் பேசினால், கேட்கிறவர்கள் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள் என்றே நினைப்பார்கள். "உனக்கென்னடா தம்பி! நீ பிறந்தபோது அப்பாவுக்கு உத்தியோகம் நிலைத்துவிட்டது. அம்மா சிரித்தாள். எனக்குத் தெரிந்த அம்மா சிரித்ததே இல்லை" என்பாள் அக்கா. நாம் கோபித்துக்கொள்வோம். அக்கா சொல்வது பொய்யல்ல என்பது புரிவதற்கு நமக்கு அறுபது வயதாக வேண்டியிருந்தது.

சரி, இதனால் கதைகளின் ருசி கெட்டுவிட்டதா? கெடவில்லை என்றுதான் சொல்வோம். ஆனால், தெரிந்துகொண்டு படித்தால் அவற்றில் வேறொன்றும் கண்ணில் படுகிறது. 'பேமஸ் பைவ்' வரிசையின் முதல் புஸ்தகம் வந்த வருஷம் 1942. விவாகரத்து நடந்ததும் அதே வருஷம். அந்தக் கதையின் ஆரம்பத்தில் தாய் தந்தையர் தாங்கள் மட்டும் விடுமுறைக்குப் புறப்படுகிறார்கள். குழந்தைகளை உறவினர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்த வீட்டில் ஒரு சிற்றப்பா, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சதா வேலை செய்கிறார். குழந்தைகள் சத்தம் போட்டால் சீறி விழுகிறார். பெரியவர்கள் அகன்றால்தான் குழந்தைகளுக்கு ஆனந்தம். சாத்திய கதவைப் பற்றி எனிட் பிளைட்டனுக்குத் தெரியாது என்று யார் சொல்ல முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகம் தெரியாத குழந்தைகள் எழுதிய கடிதங்களுக்கெல்லாம் தம் கையாலேயே பதில் எழுதியவர் அவர். நோயுற்ற குழந்தைகளுக்காகவும் வாயில்லா ஜீவன்களுக்காகவும் தம் வாசகர்களைக் கொண்டு பணம் திரட்டிக் கொடுத்தவர். தூரத்துக் குழந்தைக்கு அன்பு காட்டுவது சுலபம். அது ராத்திரி அழாது, கதவைத் தட்டாது. பொதுக் காரியத்தில் ஈடுபட்டுள்ள நம் தேசத்துப் பெரியவர்கள் பலரும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். ஆனால் அந்த அன்பு பொய் என்று தள்ளவும் மனம் வரவில்லை. தாயாரின் பெயரால் குழந்தைகளுக்கென்று 1982-இல் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டபோது, அதற்கு முதல் தலைவியாக இருந்தவள் யார் தெரியுமா? குறை சொன்ன இளையவள் இமோஜன்தான்!

இவ்வளவையும் பேத்திக்குப் புரிகிற மட்டில் சுருக்கிச் சொன்னோம். அவள் சற்று நேரம் யோசித்தாள்.

"அந்த அப்பாவை யாராவது கேட்டாங்களா, தாத்தா?"

நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹ்யூ போலக் 1971-இல் இறந்தார். இமோஜனின் புஸ்தகம் வருவதற்குப் பதினெட்டு வருஷம் முன்பு. பெண்கள் இருவரும் சாக்ஷி சொன்னார்கள். அவருடைய சாக்ஷியத்தைக் கேட்க அந்த வீட்டில் யாருமில்லை.

"இல்லை, அம்மா" என்றோம்.

"சரி, கடற்கரைக்குப் போகலாம் என்று போன வாரமே சொன்னீங்களே?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேஜை மீது வெறும் காகிதம் கிடந்தது; பத்திரிகாலயத்துக்கு மறுநாள் கட்டுரை போயாக வேண்டும். பேத்தியின் பின்னால் வாசற்படியில் நம் வீட்டு அம்மாள் நின்று, "பெரிய பெரிய விஷயமெல்லாம் பேசினீர்களே, இப்போது என்ன செய்யப் போகிறீர்கள்?" என்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். இந்தக் கட்டுரை ஒரு நாள் தாமதமாய்ப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் அதுதான். ஆசிரியர் மன்னிப்பாராக.