இலாபம் கம்பனிக்கு, குற்றம் கூலிக்காரருக்கா?

மனிதன் தவறிழைப்பவன், யந்திரமோ தவறாதது என்று, சாரதியில்லா மோட்டார் வண்டிகளின் புகழ் பாடும் முதலாளிகள் மேடைதோறும் முழங்கி வருகின்றனர். நன்று! யந்திரம் தவறியபொழுது குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் யார் என்பதை மட்டும் அவர்கள் ஏன் சொல்வதில்லை?

2018 மார்ச் 18ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரிலே, துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்ணொருவரை ஊபர் கம்பனியின் பரீட்சார்த்த வண்டி மோதிக் கொன்றது. மோதுவதற்கு 5.6 விநாடிகளுக்கு முன்னரே வண்டியின் கருவிகள் அவரைக் கண்டுவிட்டன. கண்டும் பயனென்ன? வாகனம் என்றும், துவிச்சக்கர வண்டி என்றும், இன்னதென்று அறியாப் பொருள் என்றும் கணனி மாறி மாறிக் கணித்துக்கொண்டிருந்தது. கடவையில்லாத இடத்திலும் மனிதர் வீதியைக் கடப்பர் என்னும் எளிய உண்மையை அதற்கு எவரும் கற்பித்தாரில்லை! வொல்வோ தொழிற்சாலை பொருத்தியனுப்பிய தானியங்கிப் பிறேக்கோ, கணனி ஓட்டும் வேளையில் செயற்படாதவாறு நிறுத்தப்பட்டிருந்தது. முன்னர் இருவர் அமர்ந்து கண்காணித்த வண்டியில் ஒருவரைக் குறைத்ததும் இதே கம்பனிதான்.

எஞ்சிய அந்த ஒருவர் கைத்தொலைபேசியில் காட்சி பார்த்திருந்தார். அது பிழையே. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையும் 2019 நவம்பரில் அதனையே முதற் காரணமாகக் கூறிற்று. ஆனால் கம்பனியின் பாதுகாப்புச் சீர்கேட்டையும், மாநில அரசின் மேற்பார்வைக் குறைவையும் அதே சபை சேர்த்தன்றோ சாடியது? சபை வாய் திறக்குமுன்பே, அவ்வாண்டு மார்ச்சில், கம்பனிமீது குற்றவியற் பொறுப்பு எதுவுமில்லையென்று அரச வழக்கறிஞர் கைகழுவிவிட்டார். கூலிக்கு அமர்ந்த ஊழியரோ 2020இல் குற்றஞ்சாட்டப்பட்டு, 2023இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புக்கு ஆளானார்.

யந்திரத்தின் வரவை எதிர்ப்போர் அல்லர் நாம். குடிவெறியாலும் உறக்கத்தாலும் மனிதச் சாரதிகள் நாள்தோறும் உயிர் பறிப்பதை நாமும் அறிவோம். ஆயினும் இன்று சான் பிரான்சிஸ்கோவிலும் பீனிக்ஸிலும் வேமோ வண்டிகள் சாரதி ஆசனத்தில் எவருமின்றியே வாடகைக்கு ஓடுகின்றன. பழி சுமத்த ஒரு கூலிக்காரர்கூட அங்கில்லை. இனி எவரைக் கூண்டில் ஏற்றுவர்?

பிரித்தானியா 2024இல் இயற்றிய தானியங்கி வாகனச் சட்டம், வண்டி தானே ஓடுகையில் அது ஓடும் விதத்துக்கு, ஆசனத்தில் இருப்பவரை விடுத்து, அதிகாரம் பெற்ற நிறுவனத்தையே பொறுப்பாளியாக்குகின்றது. பாதுகாப்புத் தகவலை மறைப்பதையும் குற்றமாக்குகின்றது. பொதுவீதியில் இவ்வண்டிகளை விட விழையும் கம்பனி எதுவாயினும், எந்நாட்டதாயினும், இப்பொறுப்பை முன்னரே எழுத்தில் ஏற்கட்டும். ஏற்க மனமில்லையேல், தன் சொந்த முற்றத்தில் ஓட்டிப் பார்க்கட்டும்!