புகைகிற அடுப்பை ஊதுவதற்கு முன்னால்



ஐப்பசி மழை பிடித்துவிட்டால் எங்கள் வாலாஜாபாத் பக்கத்தில் ஒரு புலம்பல் தொடங்கிவிடும். "விறகு நனைஞ்சு போச்சு, அடுப்பு ஒரே புகை." வீட்டுக்கு வீடு கேஸ் வந்த பிறகும் வெந்நீருக்கும், விசேஷச் சமையலுக்கும், கோயில் பொங்கலுக்கும் விறகுதான். போதாக்குறைக்கு நெடுஞ்சாலை ஓட்டல்களில் 'விறகடுப்புச் சமையல்' என்று பலகை வேறு. சாப்பிடுகிறவருக்கு அது ருசி. அடுப்படியில் நிற்கிற அம்மாவுக்குக் கண்ணெரிச்சலும் இருமலும்.

விறகடுப்பு என்றால் புகையத்தான் செய்யும் என்று நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புகை ஒரு கோளாறு. குழாய் ஒழுகினால் பார்ப்பதுபோல இதையும் பார்க்க வேண்டும்.

எரிதல் பாடம் நினைவிருக்கிறதா? எரிபொருள், காற்று, போதிய வெப்பம், மூன்றும் வேண்டும். புகை என்பது எரியாமல் தப்பித்த விறகு. காசு கொடுத்து வாங்கிய விறகின் ஒரு பங்கு கூரை வழியே போகிறது என்று பொருள். எனவே வரிசையாகச் சோதியுங்கள்.

முதலில் விறகு. இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டக்' என்று ஒலிக்கும், ஈரமானது 'மொத்' என்று அடங்கும். பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்தே களைத்துவிடும். சவுக்கோ கருவேலமோ, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, தரையில் படாமல் கல் மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். நாலாபுறமும் தார்ப்பாய் சுற்றினால் ஈரம் உள்ளேயே நிற்கும்.

இரண்டாவது, காற்று உள்ளே வரும் வழி. ஒரு கிலோ காய்ந்த விறகு முழுதாக எரிய ஏறக்குறைய 6 கிலோ காற்று வேண்டும். நாமோ நேற்றைய சாம்பலை அள்ளாமல், அடுப்பு வாய் நிறைய விறகைத் திணித்துவிட்டு, ஊதுகுழலை எடுக்கிறோம். ஊதும்வரை எரியும், நிறுத்தினால் புகையும். சாம்பலை அள்ளி, இரண்டு கட்டையை உருவிவிட்டால் ஊதுகிற வேலையே குறையும்.

மூன்றாவது, வெளியே போகும் வழி. பலரும் மறப்பது இதைத்தான். புகை வெளியேறினால்தான் புதுக் காற்று உள்ளே வரும். மண்ணடுப்பில் மூன்று குமிழ் வைத்தது அழகுக்கா? பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் நடுவே இடைவெளி விடத்தான். குமிழ் தேய்ந்து பாத்திரம் அழுந்தி உட்கார்ந்தால் நெருப்புக்கு மூச்சு முட்டும். புகைபோக்கியில் கரி அடைத்தாலும் அதே கதி.

டெக்சாசில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் 'ஆஃப்செட் ஸ்மோக்கர்' வாங்கியிருக்கிறார். ஒரு பக்கம் நெருப்புப் பெட்டி, நடுவில் இறைச்சிக்கான நீள அறை, மறுகோடியில் புகைபோக்கி. வெள்ளைப் புகை மண்டுகிறது, சூடு ஏறவில்லை, கறி கசக்கிறது என்றார். சூடு வெளியேறாமல் இருக்கப் புகைபோக்கியைப் பாதி மூடி வைத்திருந்தார். நம் கொடியடுப்பும் இதே வேலைதான். ஒரு வாயில் எரியும் நெருப்பு பக்கத்துக் கண்ணையும் சூடாக்குகிறது. "புகைபோக்கியை முழுக்கத் திற. காற்றைக் கூட்டுவது குறைப்பதெல்லாம் நெருப்புப் பெட்டி வாயில் வைத்துக்கொள். சின்னத் துண்டாகப் போட்டுச் சுடர் விட்டு எரியவிடு" என்றேன். புகை மெலிந்து, கசப்பும் போனதாம்.

"புகை மணம் இல்லாமல் விறகடுப்பு ருசி ஏது சார்?" என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் வரும் மெல்லிய புகையில் மணம் உண்டு. அடர்ந்த வெள்ளைப் புகையில் இருப்பது தாரும் கசப்பும். "அடுப்பையே மாற்றிவிடலாமே?" என்றால், தினசரிச் சமையலுக்குக் கேஸ்தான் நல்லது, சந்தேகமில்லை. வீட்டுக்குள் சேரும் அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

ஆனால் நல்ல அடுப்பு வாங்கினால் மட்டும் போதாது. ஹைதராபாத்தின் எஸ். பி. ராஜு 1950களிலேயே புகையில்லா அடுப்பை வடிவமைத்தார். 1980களில் மத்திய அரசும் நாடு முழுக்க மேம்பட்ட அடுப்புத் திட்டம் நடத்தியது. பிற்பாடு ஒடிசாவில் எஸ்தர் டஃப்லோவும் சக ஆய்வாளர்களும் புகைபோக்கி வைத்த அடுப்புகளை நான்கு ஆண்டுகள்வரை கவனித்தார்கள். முதல் ஆண்டில் மக்கள் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு அந்தப் பலன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவும் இல்லை.

நான் சொல்ல வருவது இங்கேதான். பராமரிப்பது யார்? நம் வீடுகளில் அடுப்பு புகைந்தால் சமைப்பவருக்கு அடுப்பு பற்றவைக்கத் தெரியவில்லை என்கிறோம். விறகு பிளப்பதும், பரண் மாதிரி அடுக்குவதும், மாதம் ஒருமுறை கூரையேறிப் புகைபோக்கியில் கரி தட்டுவதும் அவர் வேலையா? சாப்பிடுகிற ஆண்கள் அதை எடுத்துக்கொள்ளட்டும். விறகடுப்பு என்று பலகை வைக்கிற முதலாளிகளும் பலகைக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கைப் புகைபோக்கிக்குச் செலவழிக்கட்டும்.

அடுத்த முறை அடுப்படியில் புகை மண்டினால், கூடத்தில் உட்கார்ந்துகொண்டு "நல்லா ஊதும்மா" என்று குரல் கொடுக்காதீர்கள். எழுந்துபோய் சாம்பலை அள்ளுங்கள், விறகைத் தட்டிப் பாருங்கள், புகை போகும் வழியை அண்ணாந்து பாருங்கள்.