மடியில் குழந்தை, பழைய காரில் பெல்ட் எங்கே?
சீட் வாங்கினால் மட்டும் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சென்னை கடற்கரைச் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். சின்னக் கார்கள் வரிசையாகப் போகும். முன் சீட்டில் அம்மா. மடியில் கைக்குழந்தை. பின்னால் தாத்தா, பாட்டி. இரண்டு முன் சீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்து வரும் நாலு வயசுப் பையன்.

ஓட்டுகிற அப்பா மட்டும் பெல்ட் போட்டிருப்பார். அதுவும் சிக்னலில் போலீஸ்காரர் நிற்கிறாரே என்பதற்காக!

இந்தக் காருக்குள் ஒரு குற்றம் நடந்துகொண்டிருக்கிறது. அது குற்றம் என்பதே பல பேருக்குத் தெரியாது.

மோட்டார் வாகனச் சட்டத்தை 2019-ல் திருத்தியபோது 194-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 14 வயது நிரம்பாத குழந்தைக்கு பெல்ட் போட வேண்டும். இல்லாவிட்டால் குழந்தைக்கென்று உள்ள பாதுகாப்பு சீட்டில் கட்டி உட்கார வைக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் காரை ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். 2019 செப்டம்பர் 1-ந் தேதி முதல் இது சட்டம். தமிழ்நாட்டில் புதிய அபராதத் தொகைகள் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன.

ஹெல்மெட் இல்லாதவரை மடக்குகிற வேகம் இதில் இல்லை. காருக்குள் எட்டிப் பார்த்து, "குழந்தைக்கு பெல்ட் எங்கே?" என்று யார் கேட்கிறார்கள்?

கேட்டாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல கார்களில் அந்த பெல்ட்டே கிடையாது!

1994-ம், 2002-ம்

முன் சீட்டுக்கு பெல்ட் வைத்துத்தான் கார் செய்ய வேண்டும் என்ற விதி 1994 மார்ச்சில் வந்தது. பின் சீட்டுக்கு அதே விதி 2002 அக்டோபரில்தான் வந்தது. அதற்கு முன்னால் தயாரான சின்னக் கார்களில் பின் சீட்டு வெறும் பெஞ்சு மாதிரி. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1983 டிசம்பரில் இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுக்கப்பட்ட கார். 2014 ஜனவரி வரை தயாரானது. நடுத்தரக் குடும்பம் முதன்முதலாக வாங்கிய கார் என்றால் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள். அகலம் ஒன்றரை மீட்டர் கூட இல்லை. பழசானாலும் நன்றாக ஓடுகிறது. மகன் படித்த காலத்தில் அப்பா வாங்கிய கார், இன்று பேரனை ஏற்றிக்கொண்டு போகிறது.

பேரனுக்காக ஆசையாக ஒரு குழந்தை சீட் வாங்குகிறார்கள். பெட்டி வீட்டுக்கு வருகிறது. பிரித்துப் பின் சீட்டில் வைத்தால் அழகாக உட்காருகிறது. குழந்தையையும் அதில் கட்டிவிடுகிறார்கள். ஆனால் அந்த சீட்டைக் காரோடு கட்டுவது எது?

காரின் பெல்ட்தான் கட்ட வேண்டும். அது இல்லையென்றால் குழந்தை சீட் வெறும் நாற்காலி. கார் மோதினால் குழந்தையும் நாற்காலியும் சேர்ந்து பறக்கும். விற்கிற கடைக்காரர் இதைக் கேட்பதில்லை. வாங்குகிறவருக்கும் தோன்றுவதில்லை.

அம்மா மடி போதாதா?

"என் பிடி இரும்புப் பிடி, குழந்தையை விட்டுவிடுவேனா?" என்று கேட்காத தாய் இல்லை. தாயின் மனசில் குறை இல்லை. கணக்குதான் வேறு.

50 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற கார் எதிலாவது மோதினால், கார் நின்றுவிடும். உள்ளே கட்டாமல் இருக்கிற உடம்பு நிற்காது. அதே 50 கிலோ மீட்டர் வேகத்தில் முன்னால் போய் மோதும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுந்தால் தரையில் என்ன வேகத்தில் அடிபடுமோ, அந்த வேகம் அது.

கார் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் 10 கிலோ குழந்தை தாயின் கையை சுமார் 140 கிலோ பலத்தில் இழுக்கும். 50 கிலோ அரிசி மூட்டை மூன்றைத் தூக்கி ஒரே சமயத்தில் கையில் போட்ட மாதிரி. எந்த மனுஷியால் பிடிக்க முடியும்?

"நாங்க வேகமாவே போறதில்ல" என்பார்கள். 2023 நவம்பரில் சென்னையில் கார்களுக்கு 60 கிலோ மீட்டர், குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோ மீட்டர் என்று வேக வரம்பு வந்தது. அந்த 30-லேயே மோதினால், பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். முதல் மாடி பால்கனியில் குழந்தை தவழ்ந்தால் பதறி ஓடிப் போய்த் தூக்குகிறவர்கள், காரில் பதறுவதில்லை.

இன்னொரு தப்பு உண்டு. தாயும் மடியில் உள்ள குழந்தையும் சேர்த்து ஒரே பெல்ட் போட்டுக்கொள்வது. பார்க்க பத்திரமாகத் தெரியும். மோதினால் தாயின் முழுப் பாரமும் குழந்தையை பெல்ட்டோடு வைத்து நசுக்கும். இது மடியில் சும்மா வைப்பதைவிட மோசம்.

பின் சீட்டு என்றால் பயமில்லை என்ற எண்ணத்தையும் விட வேண்டும். 2022 செப்டம்பர் 4-ந் தேதி மும்பைக்கு அருகே பால்கரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது விலை உயர்ந்த காரில்தான். பின் சீட்டில் இருந்த இரண்டு பேரும் பெல்ட் போடவில்லை, இருவரும் இறந்தார்கள். முன்னால் இருந்த இருவரும் காயத்தோடு பிழைத்தார்கள். அந்த ஒரே வருஷத்தில் நாடு முழுவதும் பெல்ட் போடாமல் இறந்தவர்கள் 16,715 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அதில் 8,331 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல, கூட வந்தவர்கள்.

குழந்தை சீட்டைச் சரியாக மாட்டிப் பயன்படுத்தினால் சாவுகள் குறைந்தது 60 சதவீதம் குறையும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. "சரியாக மாட்டினால்" என்பதுதான் அதில் முக்கியமான வார்த்தை.

சீட் கவருக்குள் ஒளிந்த பெல்ட்

2002-க்குப் பிறகு வந்த காராக இருந்தாலும் பின் பெல்ட்டைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. கார் வாங்கிய மறுநாளே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் விட்டு சீட் கவர் போட்டிருப்பார்கள். பூட்டு கவருக்கு அடியில் போய்விட்டிருக்கும். அதற்கு மேல் ஒரு டர்க்கி டவல். இருபது வருஷமாக அதன் மேல்தான் உட்கார்ந்து போயிருப்பார்கள்.

முதல் வேலை, கவரைத் தூக்கிப் பூட்டை வெளியே எடுப்பது. பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்க்க வேண்டும். ஓரம் பிசிறு பிசிறாக இருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, பூட்டினால் 'டிக்' என்று விழுகிறதா, சிவப்புப் பொத்தானை அமுக்கினால் உடனே விடுகிறதா? வெடுக்கென்று இழுத்தால் பெல்ட் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காத பெல்ட் இருந்தும் இல்லாததுதான்.

அடுத்து நீளம். கைக்குழந்தைக்கான சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடி வைக்கப்படுவது. அதைச் சுற்றி வர பெல்ட் நிறைய நீளம் வேண்டும். சின்னக் காரின் பெல்ட் சில சமயம் நாலு விரல்கடை தூரத்தில் நின்றுவிடும். அதனால் சீட்டை வாங்கிவிட்டுப் பார்க்கக் கூடாது. காரைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

புதுக் கார்களில் சீட்டை நேராகச் சொருகிப் பூட்ட ஐசோஃபிக்ஸ் என்ற இரும்புக் கொக்கிகள் உண்டு. பழைய காரில் அது கிடையாது. கொக்கியில் மட்டும் மாட்டுகிற சீட்டை வாங்கினால் பணம் தண்டம். பெல்ட்டில் கட்டுகிற வகையா என்று பெட்டியில் பார்க்க வேண்டும். இந்தியத் தரம் ஏ.ஐ.எஸ். 072, ஐரோப்பியத் தரமுள்ள சீட்டில் வட்டத்துக்குள் 'இ' எழுத்துப் போட்ட ஆரஞ்சு சீட்டு ஒட்டியிருக்கும். பலவற்றில் பெல்ட் போகும் வழிக்கே வர்ணம் உண்டு. பின் பார்த்து வைக்க நீலம், முன் பார்த்து வைக்க சிவப்பு.

மாட்டும்போது வெட்கப்படாமல் ஒரு முழங்காலை சீட்டின் மேல் ஊன்றி, உடம்புப் பாரத்தைப் போட்டு அழுத்தி, பெல்ட்டை இழுத்து இறுக்க வேண்டும். பழைய காரின் மெத்தை ஸ்பாஞ்சு அமுங்கிப் போயிருக்கும். அதில் மேலாக வைத்துக் கட்டினால் பத்து நாளில் தளர்ந்துவிடும். கட்டியபின், பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் ஆடினால் மறுபடியும் முதலிலிருந்து. சாய்வு சரிவராவிட்டால் கைக்குழந்தை சீட்டின் அடியில் சுருட்டிய துண்டு வைக்கலாம் என்று சில கம்பெனிகள் அனுமதிக்கின்றன, புத்தகத்தில் போட்டிருக்கும். உயரத்துக்காகத் தலையணை வைப்பது கூடாது.

குழந்தையின் தோள் பட்டையை விரலால் கிள்ளினால் மடிப்பு வரக் கூடாது. வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். கல்யாணத்துக்குப் போகும்போது பட்டுப் பாவாடையைச் சுருட்டி அதன் மேல் பட்டையைப் போடுவதும் தப்பு. துணி அமுங்கினால் பட்டை தொளதொளத்துவிடும். பாவாடையை மண்டபத்தில் போய் உடுத்திவிட்டால் போகிறது!

புதுப்பேட்டை பெல்ட்

2002-க்கு முந்தைய கார் வைத்திருப்பவர் என்ன செய்வது?

"புதுப்பேட்டைல கிடைக்காத சாமானா?" என்பார்கள். கிடைக்கும். உடைக்க வந்த காரிலிருந்து கழற்றிய பெல்ட் கொத்துக் கொத்தாகத் தொங்கும். ஆனால் அந்தக் கார் ஏன் உடைக்க வந்தது? விபத்தில் ஒரு தடவை பாரம் தாங்கிய பெல்ட் உள்ளுக்குள் இழுபட்டிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. மறு தடவை அதை நம்ப முடியாது. விபத்தில் சிக்கிய பழைய குழந்தை சீட்டுக்கும் இதே கதைதான்.

புது பெல்ட் வாங்கினாலும் எங்கே முடுக்குகிறார்கள் என்பது முக்கியம். காரின் அடித்தகடு மெல்லிசு. சும்மா ஓர் ஓட்டை போட்டு, வாஷர் வைத்து முடுக்கினால், இழுக்கிற பலத்தில் தகட்டைக் கிழித்துக்கொண்டு போல்ட் வெளியே வந்துவிடும். சில மாடல்களில் கம்பெனியே பெல்ட்டுக்கான மறைகளைக் கனமான தகடு வைத்து விட்டிருக்கும். கம்பளத்துக்கு அடியில் பிளாஸ்டிக் மூடி போட்டு மறைந்திருக்கும். அது உங்கள் காரில் இருக்கிறதா என்று கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கேட்டுத்தான் வேலையைத் தொட வேண்டும். தெருமுனை வெல்டிங் கடைக்குரிய வேலை அல்ல இது.

அதுவரைக்கும்? பெல்ட் இருப்பது முன் சீட்டில் மட்டும்தான் என்றால், குழந்தை சீட்டை அங்கேயே வைப்பது, பின்னால் கட்டாமல் விடுவதைவிட நல்லது. முன் சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளிவிட வேண்டும். அம்மா பின்னால் போய் உட்காரட்டும். ஏர்பேக் இல்லாத காருக்கு மட்டுமே இது பொருந்தும். டிரைவருக்குப் பக்கத்து ஏர்பேக் உள்ள காரில், பின் பார்த்த சீட்டை முன்னால் வைக்கவே கூடாது. ஏர்பேக் விரிகிற அடியே குழந்தையைக் கொன்றுவிடும்.

பின்னால் பெல்ட் உள்ள காரில் இடது பக்கம் வைப்பதே வசதி. இறக்கும்போது நடைபாதைப் பக்கம் இறக்கலாம். டிரைவர் சீட்டையும் முன்னால் தள்ள வேண்டியிருக்காது. உயரமான அப்பாக்களுக்கு முழங்கால் தப்பும்.

சட்டத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. 'பெல்ட் அல்லது பாதுகாப்பு சீட்' என்று எழுதிவிட்டார்கள். மூன்று வயசுக் குழந்தைக்குப் பெரியவர்களின் பெல்ட்டை மாட்டிவிட்டாலும் அபராதம் இல்லை. அந்த பெல்ட் குழந்தையின் கழுத்திலும் வயிற்றிலும் கிடக்கும். மோதினால் அது அறுக்கும். சுமார் 4 அடி 9 அங்குலம் வளர்ந்த பிறகுதான் பெரியவர் பெல்ட், தோளிலும் இடுப்பெலும்பிலும் சரியாக உட்காரும். அதுவரை உயர்த்தி வைக்கிற சீட் வேண்டும். அதற்கும் தோள் பட்டையுள்ள பெல்ட் இருந்தாக வேண்டும். இடுப்புப் பட்டை மட்டும் உள்ள இடத்தில் அதை வைக்கக் கூடாது.

மூன்று குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இந்தச் சின்னக் காரில் வழியே இல்லை. மூன்று சீட் பக்கத்தில் பக்கத்தில் நுழையாது. ஒருவர் பஸ்ஸிலோ ரயிலிலோ வர வேண்டியதுதான்.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பானெட்டைத் தூக்கி என்ஜினைப் பார்க்கிறார்கள், டயரை உதைத்துப் பார்க்கிறார்கள், பாட்டுப் பெட்டியைப் போட்டுக் கேட்கிறார்கள். வீட்டில் குழந்தை இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் பின் கதவைத் திறந்து, சீட் கவரைத் தூக்கி, அந்த பெல்ட்டை ஒரு தடவை வெளியே இழுத்துப் பார்த்துவிடலாம். இரண்டு நிமிஷ வேலை. பெல்ட் வராவிட்டால், புரோக்கர் சொல்கிற விலையில் புது பெல்ட்டுக்கும் ஒர்க்‌ஷாப் கூலிக்கும் ஆகிற பணத்தைக் கழித்துப் பேசலாம்.