கணக்கில் நாமும் இடம்பெற வேண்டும்

குட்மேய்ஸில் உள்ள கிங் ஜோர்ஜ் வைத்தியசாலையை அறியாத தமிழ்க் குடும்பம் கிழக்கு இலண்டனில் அரிது. அதன் அவசர சிகிச்சைப் பிரிவை மூடும் திட்டத்துக்கு 2011 ஒக்ரோபரில் அன்றைய சுகாதார அமைச்சர் அன்ட்ரூ லான்ஸ்லி ஒப்புதல் அளித்தார். 2013 இல் அங்கு பிரசவங்கள் நிறுத்தப்பட்டன. அவசர சிகிச்சைப் பிரிவோ தப்பியது. மக்களின் நீண்ட எதிர்ப்பின் பின்னர், அது தொடர்ந்து இயங்குமென 2019 இல் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய முடிவுகளுக்குப் பின்னால் கணக்குகள் உள்ளன. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படைகளுக்குத் துணையாக விஞ்ஞானிகள் வளர்த்தெடுத்த துறை, செயற்பாட்டு ஆய்வு. எத்தனை கட்டில்கள் வேண்டும், எத்தனை தாதியர் வேண்டும், அம்புலன்ஸ் வண்டியை எங்கே நிறுத்துவது என்பவற்றை இன்று அது ஆராய்கிறது. அதன் பயன் பெரிது. யோர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 இல் வெளியிட்ட ஆய்வொன்று, கட்டில்களில் 85 வீதத்துக்கு மேல் நிரம்பினால் ஆபத்துத் தென்படத் தொடங்கும் என்றும், 90 வீதத்தைத் தாண்டினால் கட்டில் நெருக்கடி வழக்கமாகிவிடும் என்றும் காட்டியது. நோயாளர் நாளுக்கு இத்தனை பேரென ஒழுங்காக வருவதில்லை என்பதே காரணம். கணக்காளரின் கண்ணுக்கு வீணாகத் தோன்றும் வெற்றுக் கட்டில், நாளை வரப்போகும் நோயாளிக்கான காப்பு.

ஆயினும் எந்தக் கணக்கும் தன் எடுகோள்களை விடச் சிறந்ததாக இருக்க முடியாது. சிகிச்சையின் ஒரு பகுதி உள்ளூர் மருத்துவ நிலையங்களுக்கு மாறும், எஞ்சியதை ரொம்போர்ட் குயின்ஸ் வைத்தியசாலை தாங்கும் என்பது மூடும் திட்டத்தின் எடுகோள். ரெட்பிரிட்ஜின் சனத்தொகையோ 2001 இல் ஏறத்தாழ 2 இலட்சத்து 39 ஆயிரமாக இருந்து, 2021 இல் 3 இலட்சத்து 10 ஆயிரமாகியது. வளர்ந்துகொண்டேயிருக்கும் வட்டாரத்தில் அந்த எடுகோள் நிலைக்கவில்லை.

தவறான எண்ணிக்கையின் விலையை நம்மைவிட அறிந்தவர் யார்? 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் எஞ்சியிருப்போர் ஏறக்குறைய 70,000 பேரென இலங்கை அரசு கூறியது. போர் முடிந்தபின் முகாம்களில் ஏறத்தாழ 2 இலட்சத்து 90 ஆயிரம் பேர் இருந்தனர். வேண்டுமென்றே எண்ணிக்கை குறைத்துக் கூறப்பட்டதையும், உணவும் மருந்தும் மறுக்கப்பட்டதையும் ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் பதிவு செய்தது.

இங்கே அத்தகைய வஞ்சம் இருப்பதாக நாம் கூறவில்லை. இங்குள்ள ஆபத்து வேறு. விபரங்கள் உள்துறை அமைச்சுக்குப் போய்விடுமோ என்று அஞ்சிக் குடும்ப வைத்தியரிடம் பதியாதிருக்கும் இளைஞன், போரின் நினைவுகளால் உறக்கமிழந்தும் ஊர்வாய்க்கு அஞ்சி மனநல வைத்தியரை நாடாத தாய் ஆகியோரின் தேவை எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஏட்டில் இல்லாத தேவைக்குக் கணிதம் கட்டில் ஒதுக்காது. மொழிபெயர்ப்பாளருடன் நடக்கும் சந்திப்புக்குக் கூடிய நேரம் வேண்டும். அவ்வுதவியைக் கேட்காமல் தலையாட்டிவிட்டு வருபவரும் அக்கணக்கைப் பிழையாக்குகிறார்.

இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிய வதிவிட அனுமதியோ முகவரிச் சான்றோ கட்டாயமில்லை. புகலிடக் கோரிக்கை பரிசீலனையில் உள்ளவரிடம் வைத்தியசாலைக் கட்டணமும் அறவிடப்படுவதில்லை. ஆகவே பதியுங்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், வர முடியாத சந்திப்பை முன்கூட்டியே அறிவியுங்கள்.

சுகாதாரத் திட்டங்கள் குறித்து மக்கள் கருத்துக் கோரப்படும்போது நமது சங்கங்களும் ஆலயங்களும் மௌனமாக இருத்தல் ஆகாது. எத்தனை பேரைக் கருதி இக்கணக்குப் போடப்பட்டது? பயண நேரம் காரில் செல்வோருக்கா, இரண்டு பஸ் மாறிச் செல்வோருக்கா? ஆங்கிலம் அறியாதோர் இதில் எங்கே? இவற்றைக் கேட்க எவரும் கணித மேதையாக இருக்க வேண்டியதில்லை. திட்டமிடுவோரும் விடைகளை மக்களுக்கு விளங்கும் மொழியில் வெளியிடக் கடமைப்பட்டவர்கள். முடிவு எடுக்கப்பட்ட பின் வீதியில் இறங்குவதிலும், கணக்குப் போடப்படும் வேளையிலேயே அதில் இடம்பெறுவது மேல்.